ஆத்துப்பக்கம் போனவங்க, அளந்து வாங்கித் திரும்பினவங்க

எங்க சங்கரன்கோவில் பக்கத்துக் கிராமங்கள்ல எழுபது வயசு தாண்டின பொம்பளைங்ககிட்ட பேச்சுக் குடுத்தா, நடுவுல ஒரு வார்த்தை கண்டிப்பா வரும். "அந்த வருசம் நாங்க ஆத்துப்பக்கம் போயிருந்தோம்" அப்படின்னு. பட்டணத்துல இருக்கிறவங்க இதைக் கேட்டா, ஏதோ குளிக்கப் போனதாவோ கோயிலுக்குப் போனதாவோ நினைப்பீங்க. அது இல்ல. ஆத்துப்பக்கம் போறதுன்னா கார்த்திகையில மூட்டை கட்டிக்கிட்டு தாமிரவருணிக் கரையில இருக்கிற ஊருக்குப் போய், நடவு நட்டு, களை எடுத்து, மாசி பங்குனியில அறுப்பு முடிச்சு, கூலி நெல்லை வாங்கிக்கிட்டு ஊர் திரும்புறது. மூணு மாசம், நாலு மாசம். பனிக்காலம் முழுக்க அடுத்த ஊர்லதான் பொழப்பு.

திருநெல்வேலிச் சீமையோட சரித்திரம்னு புத்தகத்துல வாசிச்சா பாளையக்காரங்க கதை இருக்கும், ஆதிச்சநல்லூர் இருக்கும், கோயில் கல்வெட்டு இருக்கும். இந்த ஆத்துப்பக்கம் போன சனத்தைப் பத்தி ஒரு வரி இருக்காது. அதனால நமக்குத் தெரிஞ்ச அளவுக்கு எழுதி வெப்போம்னு தோணிச்சு.

முதல்ல ஏன் போகணும்னு சொல்லணும். எங்க நிலம் கிழக்க கரிசல், மேக்க போகப் போக செவல். பக்கத்துல ஓடுறது நிட்சேப நதி. பேருலதான் நதி. மழை பெஞ்சா நாலு நாள் ஓடும், பிறகு மணல்தான். அது வைப்பாத்தோட சேருது. தாமிரவருணிக்கும் எங்களுக்கும் தண்ணி சம்பந்தம் கிடையாது. எங்களுக்கு வானம் ஒண்ணுதான். புரட்டாசி ஐப்பசியில பெஞ்சா விதைப்போம். கம்பு, சோளம், பருத்தி, உளுந்து, மிளகா. ஐப்பசி அடைமழை பொய்த்துப் போச்சுன்னா அந்த வருசம் அவ்வளவுதான். குளத்துல தண்ணி இருக்காது, காட்டுல வேலை இருக்காது.

ஆத்துப்பக்கம் கதையே வேற. பொதிகையில உற்பத்தி ஆகி புன்னக்காயல்ல கடல்ல விழுற வரைக்கும் தாமிரவருணி நூத்தி இருபத்தஞ்சு கிலோமீட்டர் சொச்சம்தான் ஓடுது. சின்ன ஆறு. ஆனா மலையில தென்மேற்குப் பருவத்துலயும் மழை, வடகிழக்குப் பருவத்துலயும் மழை. ரெண்டு மழையும் வாங்குற ஆறுங்கிறதால வருசத்துக்கு ரெண்டு போகம் நெல்லு. ஆனி ஆடியில நட்டு புரட்டாசியில அறுக்கிறது கார். ஐப்பசி கார்த்திகையில நட்டு மாசி பங்குனியில அறுக்கிறது பிசானம். எங்க காடு காய்ஞ்சு கிடக்கிற அதே கார்த்திகையிலதான் அங்க பிசான நடவுக்கு ஆள் தேடுவாங்க. ரெண்டு சீமைக்கும் நடுவுல எங்க ஆளுக நடமாடினதுக்குக் காரணம் இவ்வளவுதான்.

ஆத்துல எட்டு அணைக்கட்டு இருக்கு. கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், கடைசியா ஸ்ரீவைகுண்டம். மத்த ஏழும் வெள்ளைக்காரன் வர்றதுக்கு முன்னாலயே கட்டினது. ஸ்ரீவைகுண்டம் மட்டும் 1870-களில் முடிஞ்சது. எட்டுலயும் சேர்த்து பாயுற நிலம் எண்பத்தாறாயிரம் ஏக்கர். இதுல கன்னடியன் கால்வாய்க்கு ஒரு கதை சொல்லுவாங்க. கன்னட தேசத்துல இருந்து வந்த ஒரு பிரம்மச்சாரி, தனக்குக் கிடைச்ச பொன்னை என்ன செய்யுறதுன்னு தெரியாம அகத்தியர்கிட்ட கேட்டாராம். ஒரு பசு போற வழியிலேயே கால்வாய் வெட்டச் சொன்னாராம் அவர். அப்படி வெட்டினதுதான் அந்தக் கால்வாய், இன்னைக்கும் பன்னிரண்டாயிரம் ஏக்கருக்கு மேல தண்ணி குடுக்குது. கதை நிசமோ பொய்யோ, அந்தக் கால்வாய்க்கு இருக்கிற பேரு ஊருக்கு வெளிய இருந்து வந்த ஒரு ஆளோட பேரு. நான் சொல்ல வந்ததுக்கு இது பொருத்தமா இருக்கு.

எண்பத்தாறாயிரம் ஏக்கரையும் கொஞ்ச நாளைக்குள்ள நட்டாகணும், கொஞ்ச நாளைக்குள்ள அறுத்தாகணும். ஒரே தண்ணி, ஒரே பருவம், எல்லா வயலும் ஒண்ணா முத்தும். உள்ளூர் ஆளை மட்டும் வெச்சு அது நடக்காது. வெளியூர் ஆள் வேணும். கரிசல்ல சும்மா இருந்த கை அந்த வேலைக்குப் போச்சு.

எந்தக் காலத்துல இருந்து போனாங்கன்னு எழுத்துல இல்ல. எங்க பெரியாட்கள் தாது வருசப் பஞ்சத்துல இருந்து கணக்குச் சொல்லுவாங்க. 1876-ல இருந்து 1878 வரைக்கும் சென்னை மாகாணத்தையே அழிச்ச பஞ்சம் அது. அந்தக் காலத்துல தெம்பு இருந்தவன் தூத்துக்குடியில தோணி ஏறி கொழும்புக்குப் போனான், காப்பித் தோட்டம் தேயிலைத் தோட்டம்னு. கடல் தாண்டப் பயந்தவன், சின்னப் பிள்ளைகளை வெச்சிருந்தவன், ஆத்துப்பக்கம் நடந்தான்.

போற வழியும் காலத்துக்குக் காலம் மாறிருக்கு. முதல்ல நடை, இல்லைன்னா மாட்டு வண்டி. ராத்திரி ராத்திரியா போவாங்களாம், வெயிலுக்குப் பயந்து. 1904-ல திருநெல்வேலியில இருந்து செங்கோட்டை வழியா கொல்லம் வரைக்கும் ரயில் ஓட ஆரம்பிச்சுது. ஆனா அது ஆத்தங்கரை ஊர்களுக்கு வந்த ரயில். எங்க ஊருக்கு ரயில் 1927-ல, விருதுநகர் தென்காசிப் பாதை போட்ட பிறகுதான். அதுக்குப் பிறகு சங்கரன்கோவில்ல ஏறி தென்காசியில இறங்கி, வேற வண்டி மாறி அம்பாசமுத்திரமோ கல்லிடைக்குறிச்சியோ போயிரலாம். எங்க ஆச்சி ரயில்ல போன தலைமுறை. அவுக அம்மா வண்டியில போன தலைமுறை.

இன்னொண்ணையும் இங்க சொல்லணும். ஆளுக மட்டும் போகல, பருத்தியும் போச்சு. 1880-களில் ஹார்வி கம்பெனிக்காரங்க பாபநாசத்துல, மலையில இருந்து விழுற தண்ணியோட வேகத்தை வெச்சு நூல் மில் ஓட்டினாங்க. கரிசல் பருத்தி அந்தத் தண்ணியில நூலாச்சு. கரிசல்காரன் கையும் அந்தத் தண்ணியில நெல்லாச்சு. தண்ணி மட்டும் எங்க பக்கம் திரும்பி வரல.

இனி எங்க வீட்டுக் கதை. அம்மா சொன்னதுதான் நிறைய. நானும் ஆறாங் கிளாஸ் படிக்கையில ஒரு தடவை அறுப்புச் சமயம் கூடப் போயிருக்கேன்.

அம்பாசமுத்திரத்துக்கும் சேரன்மகாதேவிக்கும் நடுவுல ஒரு ஊரு. பேரு வேண்டாம். எங்க ஊர்ல இருந்து பத்துப் பன்னெண்டு குடும்பம் கூட்டா போகும். கூட்டத்துக்கு மூத்தவர் ஒருத்தர் முன்னாலயே போய் நிலக்காரர்கிட்ட பேசி, ஐப்பசியிலேயே முன்பணம் வாங்கிட்டு வந்து பங்கு போட்டுக் குடுத்திருப்பார். அந்தப் பணத்துலதான் இங்க வீட்ல இருக்கிற கெழடு கட்டைக்கு நாலு மாசச் சாப்பாடு. அதனால போகாம இருக்க முடியாது.

தங்குறது களத்து ஓரம் ஓலைக் குடிசையில. சில ஊர்ல சாவடியில. தெருவுக்குள்ள போக வர வழிமுறை எல்லாம் உண்டு. எந்தப் படித்துறையில குளிக்கணும், எந்தப் படித்துறைக்குப் போகக் கூடாதுன்னு முதல் நாளே சொல்லிருவாங்களாம். ஆறு பொதுதான், படித்துறை பொது இல்ல. "தண்ணியைப் பாத்து ஆசை தீரக் குளிக்கணும்னு இருக்கும், ஆனா நாம கீழ்ப் பக்கம்தான் போகணும்" அப்படின்னு அம்மா சொல்லுவாங்க. அதைக் கோவமாச் சொல்ல மாட்டாங்க. வெயில் அடிக்குதுன்னு சொல்ற மாதிரி சொல்லுவாங்க. எனக்குத்தான் கேக்கும்போது ஒரு மாதிரியா இருக்கும்.

மார்கழிப் பனியில விடியுறதுக்கு முன்னாடி வயல்ல இறங்கி களை எடுக்கிறது சாதாரணம் இல்ல. கரிசல் காட்டுல காஞ்ச மண்ணுல நின்னு பழகின காலுக்கு சேத்துத் தண்ணி ஆகாது. விரல் இடுக்கெல்லாம் சேத்துப்புண் வந்துரும். மஞ்சளும் வேப்பெண்ணெயும் வெச்சுக் கட்டிக்கிட்டு மறுநாள் இறங்குவாங்க. பொங்கல் அங்கேயேதான். எங்க ஊர்ல பொங்கல்னா கம்பு, சோளம் வந்த சந்தோசம். அங்க அடுத்தவன் வயல் கதிர் தள்ளி நிக்கிறதைப் பாத்துக்கிட்டே பொங்கல் வெப்பாங்க.

இதெல்லாம் தங்கியிருந்த கதை. ஆனா அந்த நாலு மாசமும் நல்ல காலமா கெட்ட காலமாங்கிறது தெரியுறது கடைசி ரெண்டு நாள்லதான். வந்த வேலை முடிஞ்சு கணக்கு முடிக்கிற நாள்.

அறுத்துக் கட்டி, களத்துல அடிச்சு, மாடு விட்டுச் சூடு மிதிச்சு, காத்துல தூத்தி, பொலி குவிச்சாச்சு. பொலி மேல சாணியால குறி போட்டு வெப்பாங்க, ராத்திரி யாரும் கை வெச்சா தெரிஞ்சிரும். மறுநாள் அளப்பு. மரக்கால்ல அளக்கையில முதல் மரக்காலை ஒண்ணுன்னு சொல்ல மாட்டாங்க, "லாபம்" அப்படின்னு சொல்லி ஆரம்பிச்சு ரெண்டு, மூணுன்னு போவாங்க. இருபத்தோரு மரக்கால் ஒரு கோட்டை. இத்தனை மரக்கால் அளந்தா அறுத்த ஆளுக்கு ஒரு மரக்கால்னு முன்னாலயே பேசியிருப்பாங்க. அதுக்குப் பேரு கொத்து. ஊருக்கு ஊர் கணக்கு மாறும்.

அந்த மரக்கால்லதான் விசயமே இருக்கு. நிலக்காரர் வீட்டுக்கு அளக்கிற மரக்கால் கும்பமா நிக்கும். கூலிக்காரனுக்கு அளக்கையில தலை வழிச்சு விட்ருவாங்க. ஒரு மரக்காலுக்கு ஒரு கை நெல்லு போனா, ஒரு குடும்பத்துக்கு எத்தனை நாள் கஞ்சி போகுதுன்னு பொம்பளைங்களுக்குத் தெரியும். 1956-லயே மெட்ரிக் அளவைச் சட்டம் வந்தாச்சு, கிலோ வந்தாச்சு. களத்துல மட்டும் மரக்கால்தான் நான் போன வருசம் வரைக்கும் இருந்துச்சு. கிலோவுல நிறுத்தா தலை வழிக்க முடியாதுல்ல.

அளந்த பிறகு முன்பணத்தைக் கழிப்பாங்க. நடுவுல வாங்கின அரிசி, காய்ச்சலுக்கு வாங்கின காசு, எல்லாம் கழியும். கடைசியில மிச்சம் இருக்கிறதுதான் நம்ம நெல்லு. நல்ல வருசத்துல குடும்பத்துக்கு ரெண்டு மூணு மூட்டை தேறும். கெட்ட வருசத்துல கணக்கு தலைகீழாப் போயிரும்.

அம்மா சின்னப் பிள்ளையா இருந்தப்ப, அறுபதுகள்ல, அப்படி ஒரு வருசம். தாத்தாவுக்கு தை மாசம் பூராவும் காய்ச்சல், வேலைக்கு இறங்கல. அளந்து கழிச்சுப் பாத்தா நெல்லு பாக்கி இல்ல, கடன்தான் பாக்கி. நிலக்காரர் வீட்ல சொன்னாங்களாம், "கடனுக்கு யாரையாவது விட்டுட்டுப் போங்க, கார் அறுப்பு முடிஞ்சதும் அனுப்பிருதோம்" அப்படின்னு. சித்தியை விட்டுட்டு வந்தாங்க. அவுகளுக்கு அப்ப பதினோரு வயசு. பிள்ளை தூக்க, மாட்டுக்கொட்டாரம் தூக்க. எல்லாரும் ரயிலேறி ஊருக்கு வந்தாச்சு, சித்தி மட்டும் புரட்டாசி வரைக்கும் அங்கேயே. ஏழு மாசம். இங்க மூணாங் கிளாஸ் படிச்சுக்கிட்டு இருந்த பிள்ளை, திரும்பி வந்ததுக்குப் பிறகு பள்ளிக்கூடம் போகல. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976-ல வந்துச்சு. அதுக்கு முன்னால நடந்த இந்த மாதிரி விசயத்துக்கு யாரும் கொத்தடிமைன்னு பேரு வெக்கல. "விட்டுட்டு வந்தோம்" அவ்வளவுதான் பேச்சு.

சித்தி இப்பவும் இருக்காங்க. பேசுறதுல எந்த வருத்தமும் காட்ட மாட்டாங்க. ஆத்துல நீச்சல் அடிக்கப் படிச்சது அங்கதான்னு சிரிப்பாங்க. கரிசல்ல நீச்சல் தெரிஞ்ச ஒரே பொம்பளை தான்தான்னு பெருமை வேற.

நல்ல வருசத்துல ஊர் திரும்புறது திருவிழா மாதிரி. கணக்கு முடிஞ்ச மறுநாள் பாபநாசம் போய் ஒரு குளியல். கல்லிடைக்குறிச்சியில கொஞ்சம் அப்பளம். நிலக்காரர் வீட்ல மனசுள்ளவங்களா இருந்தா ஒரு பழைய சேலை, கொஞ்சம் தேங்கா குடுத்து விடுவாங்க. அப்படிப்பட்டவங்களும் இருந்தாங்க, இல்லைன்னு சொல்லக் கூடாது. நான் போன வருசம் நாங்க இருந்த வீட்டு ஆச்சி, மரக்காலைத் தலை வழிக்க விடாம பக்கத்துலயே நின்னு அளக்கச் சொன்னாங்க. அவுக முகம் இன்னும் ஞாபகம் இருக்கு. நெல்லு மூட்டையை ரயில்ல ஏத்துறது பெரிய பாடு. வண்டி நிக்கிற நேரத்துக்குள்ள ஆளுக்கொரு பக்கம் பிடிச்சு ஏத்தணும். சங்கரன்கோவில் ஸ்டேசன்ல இறங்கினா ஊர்ல இருந்து மாட்டு வண்டி வந்து நிக்கும்.

வந்த நெல்லைக் குலுக்கையில கொட்டி, மேல சாணி மண்ணு வெச்சுப் பூசிருவாங்க. தினமும் எடுக்கிற சமாச்சாரம் இல்ல. வாரநாள்ல கம்பங்கஞ்சி, சோளச்சோறுதான். ஆடித்தபசுக்கு, தீவாளிக்கு, விருந்தாளி வந்தா, பிள்ளை பெத்த வீட்டுக்கு, அப்பத்தான் நெல்லுச்சோறு. நாலு மாசம் சேத்துல நின்னு சம்பாதிச்சது வருசத்துல பத்து இருபது நாள் வெள்ளைச் சோறு. எங்க ஊர்ல ஆடித்தபசுக்கு லட்சம் சனம் கூடும். அன்னைக்கு எத்தனை வீட்டுல பொங்கின சோறு ஆத்தங்கரை நெல்லுங்கிறதை யாரும் எண்ணிப் பாத்திருக்க மாட்டாங்க.

இது எப்ப நின்னுச்சு? ஒரே நாள்ல நிக்கல. 1940-கள்ல பாபநாசம் அணை, 1958-ல மணிமுத்தாறு அணைன்னு ஆத்துப்பக்கம் தண்ணி இன்னும் உறுதியாச்சு, வேலை கூடத்தான் செஞ்சுது. ஆனா எங்க பக்கமும் கிணத்துல பம்புசெட் வந்துச்சு. மல்லிகைப் பூ, எலுமிச்சைன்னு வருசம் முழுக்கக் கையில காசு வர்ற வெள்ளாமை வந்துச்சு. சிவகாசிக்குத் தீப்பெட்டி, பட்டாசு வேலைக்கு கம்பெனி பஸ் ஊருக்குள்ளயே வந்து பிள்ளைகளை ஏத்திக்கிட்டுப் போச்சு. பிறகு திருப்பூர். அங்கயும் முன்பணம் இருந்துச்சு, அங்கயும் கழிச்சாங்க. 2005-ல நூறு நாள் வேலைச் சட்டம் வந்த பிறகு, உள்ளூர்லயே நாலு காசு பாக்கலாம்னு ஆச்சு. அந்தப் பக்கம் அறுப்பு மெஷின் வந்துச்சு. பத்து ஆளு ஒரு நாள் அறுக்கிறதை அது ஒரு மணி நேரத்துக்குள்ள அறுத்து, தூத்தி, நெல்லைக் கொட்டிருது. சேலம் பக்கத்துல இருந்து வர்ற டிரைவர்கள் இப்ப அறுப்புக் காலத்துல ஆத்தங்கரையில தங்கி வேலை முடிச்சுப் போறாங்க.

எங்க தாலுகாவும் அம்பாசமுத்திரமும் ஒரே மாவட்டத்துல இருந்துச்சு. 2019 நவம்பர்ல தென்காசி மாவட்டம் பிரிஞ்சதும் நாங்க தென்காசி, அவங்க திருநெல்வேலி. இனி எங்க பேரப்பிள்ளைகளுக்கு அந்த ஆறு பக்கத்து மாவட்டத்து ஆறு.

போன பிசானத்துக்கு ஒரு கல்யாண வீட்டுக்காக அந்தப் பக்கம் போனேன். பஸ்ல இருந்து பாத்தா ஒரு வயல்ல வரிசையா ஆளுக நடவு நடுறாங்க. எல்லாம் ஆம்பளைப் பயலுக, வேற பாசை. இறங்கி விசாரிச்சேன். மேற்கு வங்காளம். ஏக்கருக்கு இவ்வளவுன்னு பேசி வர்றாங்களாம். எங்க ஆச்சியும் அம்மாவும் நின்ன அதே சேறு, அதே கார்த்திகை. எட்டணையையும் கட்டினவன் பேரு எங்கயாவது ஒரு கல்லுல இருக்கலாம். நட்டவ பேரு எந்தக் கல்லுலயும் இல்ல, இந்தப் பயலுக பேரும் இருக்கப் போறதில்ல.

எங்க ஊருக்கும் இப்ப அந்த மாதிரிக் கூட்டம் வர ஆரம்பிச்சிருக்கு. எனக்கு இருக்கிறது மூணு ஏக்கர்தான், கிணத்துத் தண்ணியில ஒரு ஏக்கர் நெல்லு போடுவேன். இந்த வருசம் அஞ்சு பேரைக் கூப்பிட்டேன். தரகர், காசைத் தன் கையில குடுத்தா போதும்னார். நான் வேலை முடிஞ்ச அன்னைக்கு அந்தப் பயலுகளைக் களத்துல உக்கார வெச்சு, பேசின காசை ஆளுக்கு ஆள் எண்ணிக் கையில குடுத்தேன். தரகருக்கு உள்ளதைத் தனியாக் குடுத்தாச்சு. அவருக்கு முகம் கொஞ்சம் கோணிச்சு. வீட்டுக்காரி ஆளுக்கு ரெண்டு படி அரிசி கட்டிக் குடுத்தா. சித்திதான் அளந்தாங்க. படி கும்பமா நின்னுச்சு.

உங்க பட்டணத்துலயும் வீடு கட்ட, ஓட்டல்ல பாத்திரம் கழுவன்னு வந்து தங்கியிருக்கிற ஆளுக நிறைய பேர் இருப்பாங்க. அவங்க ஊருக்குக் கிளம்புற அன்னைக்கு கையில என்ன இருக்குன்னு ஒரு தடவை விசாரிச்சுப் பாருங்க.